பொன்னுரங்கத்தின் செவ்வாய்க்கிழமை

வாரத்துக்கு ஏழு நாள் என்று ஊர் உலகமெல்லாம் ஒப்புக்கொண்டு நடந்துகொண்டிருந்தபோது, கரட்டுப்பாளையம் நகராட்சி மட்டும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டு நூற்றுப் பத்தொன்பது நாள் குடித்தனம் நடத்தியது. அது ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்கு. அதைப் புதன்கிழமை என்று இப்போது சொன்னால் ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் பத்து இருபதுக்கெல்லாம் அது செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டிருந்தது.

அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தது இவ்வளவுதான். மேட்டுத் தெருவில் பொன்னுரங்கம் வீட்டுக்கு ரெஜினா என்ற கணக்கெடுப்புப் பெண் கையில் ஒரு டேப்லெட்டுடன் வந்தாள். பொன்னுரங்கத்துக்கு வயது எழுபத்தொன்பது. ஐம்பத்திரண்டு வருஷம் அந்த வீட்டின் முன்னறையிலேயே ‘நியூ லைட் சலூன்’ நடத்தி, ஊரில் பாதித் தலைகளை வளர்த்து ஆளாக்கியவர். மூன்று வருஷமாக மறதிநோய். அவரைப் பார்த்துக்கொள்வது மருமகள் சம்பூர்ணம். அவள் புருஷன் நாக்பூருக்கும் நாமக்கல்லுக்கும் லாரி ஓட்டுகிறவன். வாரம் ஒருமுறை போன் செய்து “அப்பா எப்பிடி இருக்காரு?” என்று அக்கறையாகக் கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த சுங்கச்சாவடிக்குப் போய்விடுவான்.

ரெஜினா வந்தது ‘முதுமை மறதிப் பராமரிப்பு மேம்பாட்டு முன்னோடித் திட்டம்’ சார்பில். இந்தப் பெயரைத் தடங்கல் இல்லாமல் சொல்லி முடிக்கிறவருக்கு மறதி இல்லை என்று தனியாகச் சோதிக்காமலே எழுதிக் கொடுத்துவிடலாம். திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். மறதி உண்டு என்று சோதனையில் தேறிய பெரியவர்களைப் புதன்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்ப் பகல்நேர மையத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு மாலை ஆறு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும். வீட்டில் பார்த்துக்கொள்கிறவளுக்கு அன்று ஒரு நாள் ஓய்வு.

அந்த ஒரு நாளுக்காகத்தான் சம்பூர்ணம் தவம் கிடந்தாள். அவளுடைய ஒரே மகள் வளர்மதிக்குத் தாராபுரத்தில் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவராத தாய் என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு. அழைத்துவந்தால் மகளைப் பார்ப்பதா, நடுப்பகலில் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நெடுஞ்சாலைப் பக்கம் நடக்கிற மாமனாரைப் பார்ப்பதா? ஒருமுறை பக்கத்து வீட்டில் ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தாள், அவரைப் பெட்ரோல் பங்கில் கண்டெடுத்தார்கள். ஒருமுறை கூடவே பஸ்ஸில் கூட்டிப்போகப் பார்த்தாள், மூன்றாவது நிறுத்தத்தில் பயந்துபோய்க் குழந்தை மாதிரி அழுதார். பேத்தியின் முகத்தை அவள் இன்னும் போனில்தான் பார்த்திருந்தாள், அதுவும் கண்ணை மூடித் தூங்குகிற முகம்.

அதனால் அன்று ரெஜினா வந்தபோது அவள் வேண்டிக்கொண்டதெல்லாம், மாமா தப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான். அதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. காலையிலிருந்து அவர் மூன்று தடவை அவளைப் பார்த்து “நீங்க யாருங்க?” என்று கேட்டாயிற்று, சட்டைக் கைக்குள் காலை விட்டுக்கொண்டு அரை மணி நேரம் போராடியும் ஆயிற்று.

டேப்லெட்டில் முப்பது கேள்விகள் இருந்தன. ஆனால் முதல் கேள்விக்குச் சரியாகச் சொல்கிறவர் மற்றவற்றுக்கும் சரியாகத்தான் சொல்வார் என்று தலைநகரில் ஒரு குழு ஏழு மாதம் உட்கார்ந்து முடிவு செய்திருந்ததால், முதல் பதில் சரியென்றால் திரையில் பச்சை விளக்கு எரிந்து, ‘நலமாக உள்ளார்’ என்று எழுத்து வந்து, இரண்டாவது கேள்வி திறக்காமலே போய்விடும்.

“ஐயா, இன்னிக்கு என்ன கிழமைங்க?” என்று கேட்டாள் ரெஜினா.

“செவ்வாக்கெழமை” என்றார் பொன்னுரங்கம். சொல்லிவிட்டு ஈசிசேரில் நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

ரெஜினா வருத்தமாகச் சிரித்துவிட்டுத் ‘தவறு’ என்று அழுத்தப் போனாள். அழுத்தப் போனவள் நின்றாள். டேப்லெட்டின் மூலையில் செவ்வாய் என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், சுவரில் தினசரிக் காலண்டரில் செவ்வாய் என்று இருந்தது, கீழே ராகு காலம் மூன்று முதல் நாலரை என்றும் பிசகில்லாமல் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. சம்பூர்ணத்துக்கு ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“அக்கா, ஐயா நல்லா இருக்காருன்னு வந்துருச்சுக்கா” என்றாள் ரெஜினா.

“காலைல சாம்பாரைக் காப்பின்னு குடிச்சாருங்க” என்றாள் சம்பூர்ணம்.

“அதுக்குக் கட்டம் இல்லைக்கா” என்றாள் ரெஜினா பாவமாக.

மறுநாளும் செவ்வாய்க்கிழமை. அதற்கு மறுநாளும். தேதி மட்டும் தன்பாட்டுக்கு நகர்ந்தது, கிழமை நின்ற இடத்தில் நின்றது. காலண்டர் தாளைக் கிழிக்கக் கிழிக்க அடியிலிருந்து செவ்வாய் வந்துகொண்டே இருந்தது. முதல் வாரம் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடிநீர்க் குழாயில் எட்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற ஊரில், ஒரு கிழமை கூடுதலாகத் தங்கிவிட்டதற்கெல்லாம் யார் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது?

பிறகு ஒவ்வொன்றாகத் தைக்க ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், மண்டபங்களில் புறா குடியேறியது. செவ்வாய்க்கிழமை பாதி ஊர் கறி தின்னாது, கறிக்கடைக்காரர்கள் கத்தியைத் துடைத்துத் துடைத்தே தேய்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் செவ்வாய்க்கிழமை அட்டவணைப்படி தினமும் இரண்டு பாடவேளை கணக்கு, பிள்ளைகள் கனவிலும் வகுத்தல் போட்டு மீதியைத் தேடி அழுதன. துர்க்கை சன்னதியில் தினமும் எலுமிச்சை விளக்கு எரிந்து எரிந்து ஊரில் எலுமிச்சைக்குப் பஞ்சம் வந்து, ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதம் தனியாகத் தவித்தது. எல்லாவற்றுக்கும் மேலே, செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை. அது சங்கக் கட்டுப்பாடு, ஒருவர் திறந்தால் இன்னொருவர் விடமாட்டார். ஊரின் முப்பத்தொரு சலூன்களும் இழுத்து மூடிக் கிடக்க, ஆண்பிள்ளைகளின் முடி காதை மூடிக் கழுத்தைத் தாண்டித் தோளுக்கு வந்தது. அடுத்த ஊருக்குப் போய்த் தலையைக் கொடுக்கலாம்தான், ஆனால் கரட்டுப்பாளையத்துத் தலையைத் தொட்டால் தங்களுக்கும் செவ்வாய் ஒட்டிக்கொள்ளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பயந்து, கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடு போட்டார்கள்.

ஏனென்றால் நகராட்சி எல்லைக்கு அந்தப் பக்கம் எல்லாக் கிழமையும் ஒழுங்காக இருந்தது. எல்லைக் கல்லைத் தாண்டினால் போனிலேயே கிழமை மாறிவிடும். கல்லுக்கு நான்கடி தள்ளி ஒருவர் பந்தல் போட்டு ‘ஞாயிறு பிரியாணி’ என்று பலகை வைத்தார். ஊர் சனங்கள் குடும்பத்தோடு நடந்துபோய், ஞாயிற்றுக்கிழமையில் கையை நனைத்து, ஏப்பம் விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பி வந்தார்கள்.

சந்தோஷமாக இருந்தவர்கள் அதிகாரிகள் மட்டும்தான். குறை கேட்கும் கூட்டம் திங்கள்கிழமை. திங்கள் வராததால் மனு வரவில்லை, மனு வராததால் ஊரில் குறையே இல்லை என்று அறிக்கை போனது. சம்பூர்ணம் தன் மாமனாருக்கு மறுசோதனை வேண்டும் என்று எழுதிய மனுவை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று தடவை போனாள். “திங்கக்கெழமை வாங்கம்மா” என்று மூன்று தடவையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வளர்மதியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமே என்று கேட்டால், அதற்கும் வழியில்லை. “பச்சப் புள்ளைய மொதமொதல்ல செவ்வாக்கெழமையா எடுத்துக்கிட்டுப் போவாங்க?” என்று அவள் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சரி, புதன்கிழமை வரட்டும் என்று மகள் போனில் சொன்னாள். வரட்டும் என்றாள் சம்பூர்ணம். பிள்ளை குப்புற விழுந்தது, தலை நிமிர்த்தியது, சிரித்தது, எல்லாம் போனுக்குள்ளேயே நடந்தது.

இந்தச் செவ்வாய் எங்கிருந்து வருகிறது என்று ஊருக்குத் தெரிந்தது முப்பத்தெட்டாம் நாள். அன்று பொன்னுரங்கத்துக்குக் காய்ச்சல், மாலை நாலு மணிவரை கண் திறக்கவில்லை. அன்று காலையிலிருந்தே ஊரில் கிழமை இல்லை. காலண்டரில் தேதிக்கு மேலே வெள்ளையாக இருந்தது, ஜோசியர்கள் விரலை நீட்டியபடி எதை எண்ணுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணிக்குப் பொன்னுரங்கம் எழுந்து “இன்னிக்குச் செவ்வாக்கெழமைதானுங்க?” என்று கேட்டார். சம்பூர்ணம் பதில் சொல்வதற்குள் ஊர் முழுக்கக் காலண்டரில் எழுத்து ஊறி வந்தது. பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு மாரப்பன், ஓய்வுபெற்ற கண்டக்டர், அதைப் பார்த்துவிட்டு விசில் அடிக்காத குறையாகத் தெருவில் ஓடினார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? மேட்டுத் தெருவில் நடக்க இடமில்லை. நகைக்கடைக்காரர்கள் வெள்ளிக்கிழமை கேட்டு வந்தார்கள். மண்டபத்துக்காரர்கள் ஒரு முகூர்த்த வியாழனாவது வேண்டும் என்று தாம்பூலத் தட்டோடு நின்றார்கள். வாத்தியார்கள் ஞாயிறு கேட்டார்கள், பிள்ளைகளும் ஞாயிறு கேட்டன, அந்த ஊரில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். நகராட்சித் தலைவர் வந்து, எந்தக் கிழமை வந்தாலும் சரி, திங்கள் மட்டும் வேண்டாம் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். பொன்னுரங்கம் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு, எல்லாரிடமும் செவ்வாய்க்கிழமை என்று சொல்லி, எல்லாருக்கு முன்னாலும் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார். வந்தவர்களுக்கெல்லாம் சம்பூர்ணம் டீ போட்டாள். ‘பாவம், உனக்கு எவ்வளவு சிரமம்’ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது டீயும் குடித்தார்கள்.

அரசுக்கும் அக்கறை வந்தது. மூன்று வருஷமாக ஒரு பெரியவர் நெடுஞ்சாலையில் நடந்தபோது வராத அக்கறை, ஒரு கிழமை நின்றுபோனதும் காரில் ஏறி வந்தது. திட்ட அலுவலர் டாக்டர் ஞானப்பிரகாசம் ஆறு பேர் கொண்ட ஆய்வுக் குழுவோடு வந்து, ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினார். கெட்ட மனிதர் இல்லை. யாரையும் கடிந்து பேசமாட்டார், எதைக் கேட்டாலும் அது பரிந்துரையில் வருகிறது என்பார். மறதிநோய் என்ற வார்த்தையைச் சொன்னாலே அவருக்குக் கண் கலங்கும், மறதிநோயாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் என்ன பேசுவது என்று தெரியாது.

குழு சம்பூர்ணத்திடம் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டது. “உங்கள் மனச்சோர்வை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்” என்பது நாற்பதாவது கேள்வி.

“அஞ்சுக்கு அக்கட்ட கெடையாதுங்களா?” என்று கேட்டாள்.

“இல்லைக்கா, அஞ்சோட கட்டம் முடிஞ்சுருது” என்றாள் ரெஜினா.

காலியாகக் கிடந்த கல்யாண மண்டபத்தில் பராமரிப்பாளர் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டார்கள். பராமரிப்பாளர்கள் பராமரித்துக்கொண்டிருந்ததால் ஒருவர்கூட வர முடியவில்லை. அதனால் செவிலியர் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பது பேரைப் பராமரிப்பாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டி உட்கார வைத்தார்கள். நேரடி அனுபவத்தைப் பேச வரும்படி டாக்டர் சம்பூர்ணத்தைக் கூப்பிட்டார். “நான் வந்தா இவரை யாருங்க பாத்துக்குவாங்க?” என்றாள். “அருமையான கேள்வி, அதுதான் எங்கள் பதினான்காவது பரிந்துரை” என்று டாக்டர் உணர்ச்சிவசப்பட்டுக் குறித்துக்கொண்டார். அவள் வராத கூட்டத்தில் அவளுக்கென்று ஒரு பொன்னாடை வாங்கி, அதை ஒரு நாற்காலிக்குப் போர்த்திப் படமும் எடுத்தார்கள்.

சோதனையில் தேறிய ஒன்பது குடும்பங்களுக்குப் புதன்கிழமை வேன் தயாராக நின்றது. புதன் வராததால் அதுவும் நின்ற இடத்திலேயே நின்று, உள்ளே ஒரு கோழி அடைகாத்தது. புதனைக் கொண்டுவர ‘நாள் உணர்வுப் பயிற்சி’ தொடங்கினார்கள். வீட்டுச் சுவரெல்லாம் புதன் என்று பெரிய எழுத்தில் ஒட்டினார்கள், பச்சை நிறம் புதனுக்கு உகந்தது என்று திரைச்சீலையைப் பச்சையாக மாற்றினார்கள், தினம் இரண்டு வேளை ஒருவர் முன்னால் உட்கார்ந்து புதன், புதன் என்று சொல்லிக் கொடுத்தார். பொன்னுரங்கம் புதன், புதன் என்று நல்ல பிள்ளையாகத் திருப்பிச் சொல்வார். “அப்ப இன்னிக்கு என்ன கிழமை?” என்று கேட்டால் செவ்வாய் என்பார். ஊர் மறுபடி செவ்வாயாகவே விடியும்.

நூற்றுப் பத்தொன்பதாம் நாள் பிற்பகல். டாக்டர் ஞானப்பிரகாசம் பொன்னுரங்கத்துக்கு எதிரே உட்கார்ந்து இறுதி அறிக்கைக்கு விவரம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டரை மாதக் கூட்டங்களில் அவர் முடியும் காலரைத் தாண்டிச் சுருண்டு கிடந்தது. பொன்னுரங்கம் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை விரல்கள் மடியில் தானாக மடங்கி விரிந்தன.

“நாளைக்கு வாங்க சார், நல்லா வெட்டி உட்டர்றேன்” என்றார் பொன்னுரங்கம். “இன்னிக்குச் செவ்வாக்கெழமை. கடை லீவு.”

ரெஜினா டேப்லெட்டில் ‘பொருத்தமற்ற பதில்’ என்று போட்டாள். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே எண்பத்து மூன்று தடவை ‘கடை லீவு’ என்று ஏறியிருந்தது. டீ கொண்டுவந்த சம்பூர்ணம் தட்டோடு அப்படியே நின்றாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷம் வாரத்தில் ஆறு நாள் அந்த மனிதர் நின்றுகொண்டே இருந்தவர். செவ்வாய் ஒரு நாள்தான் உட்காருவார். அன்று வெளுத்த சட்டை போட்டு, மத்தியானம் தூங்கி எழுந்து, சம்பூர்ணத்தின் மாமியாரைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போவார். கல்யாணமாகி வந்த புதிதில் இவள் அதைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருக்கிறாள். மனிதர் கிழமையை மறக்கவில்லை, லீவில் இருக்கிறார். இதை நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நன்றாக லீவு போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஒரு மனிதன் நூற்றுப் பத்தொன்பது நாள் லீவு எடுக்க, பக்கத்தில் ஒருத்தி மூன்று வருஷமாக ஒரு நாள்கூட உட்காராமல் நிற்கிறாளே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்து டாக்டரிடம் சொன்னாள்.

“சார், கடையத் தொறந்துட்டாப் புதன் வந்துருங்க. உக்கார ஒரு தலை மட்டும் வேணும். நீங்க உக்காருங்களேன்.”

டாக்டர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். “நல்ல யோசனைம்மா. ஆனா மறதிநோயாளி கையில கத்தரிக்கோல்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும்.”

“வாங்குங்க.”

“குழு திங்கள்கிழமைதான் கூடும்” என்றார் டாக்டர்.

மறுநாள் விடிந்ததும், மாமனார் எழுந்து வாயைத் திறப்பதற்கு முன்னால், சம்பூர்ணம் முன்னறையைத் திறந்தாள். மூன்று வருஷத் தூசியைக் கூட்டித் தள்ளி, சுழல் நாற்காலியைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, தகரப் பெட்டியிலிருந்து சீப்பையும் கத்தரியையும் எடுத்து எண்ணெய் போட்டு வைத்தாள். தலைக்கு யாரைக் கேட்பது? மாரப்பன் உட்பட நான்கு பேரை முந்தின நாள் சாயங்காலமே கேட்டுப் பார்த்தாயிற்று. எல்லாருக்கும் ஊர் நன்றாக வேண்டும், கழுத்தும் வேண்டும். அவள் தன் கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புக்குக் கீழே விழுந்த முடி, மூன்றில் ஒரு பங்கு வெளுத்தது. வெள்ளைத் துணியைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு, உள்வாசலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அவள் கத்தரியை எடுத்து வெறும் காற்றை வெட்டினாள், கிச் கிச் என்று.

பொன்னுரங்கம் அந்தச் சத்தத்துக்கு வந்து நின்றார். “இன்னிக்கு...” என்று ஆரம்பித்தவர், நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நிறுத்தினார். ஆளைக் காக்க வைத்துவிட்ட சங்கடம் முகத்தில் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை நீட்டிக் கத்தரியை வாங்கினார்.

“என்ன சார், இத்தன முடி உட்டுட்டீங்க? ஊருக்குப் போயிருந்தீங்களா?”

“ஆமாங்க” என்றாள் சம்பூர்ணம், குரலைத் தடிப்பாக்கி.

“ஒட்ட வெட்டிறலாமுங்களா?”

“ஒட்டவே வெட்டிருங்க.”

கத்தரியின் குளிர்ந்த முனை பின்கழுத்தில் பட்டபோது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. முந்தின நாள் காலையில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தலைவாரிக்கொண்ட கை அது. ஆனால் கை நடுங்கவில்லை, யோசிக்கவில்லை, ஒரு முடியைத் தப்பாக எடுக்கவில்லை. மடியில் சாரை சாரையாக முடி விழுந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் தாழம்பூ வைத்துப் பின்னிய முடி. அவள் அதைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏனுங்க, இன்னிக்கு என்ன கெழமைங்க?”

“புதனுங்க” என்றார் பொன்னுரங்கம், சீப்பை வாயில் கவ்விக்கொண்டே. “நேத்துத்தான லீவு. புதன்னாக் கூட்டம் ஏறும், நீங்க நேரமே வந்தது நல்லதாப் போச்சு.”

சுவரில் காலண்டர் ஒருமுறை படபடத்தது. சற்று நேரத்தில் பஸ் நிலையத்துப் பக்கமிருந்து சலூன் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. முப்பத்தொரு கடைகளும் அரை மணியில் நிரம்பி வழிந்து, இடம் கிடைக்காதவர்கள் மேட்டுத் தெருவுக்குத் திரும்பினார்கள். முதல் ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தவர் மாரப்பன். சம்பூர்ணத்தின் தலையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஏழரைக்குள் பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள்.

“அண்ணா, நான் தாராபுரம் போயிட்டு வர்றேன். அவரைப் பாத்துக்குங்க” என்றாள் சம்பூர்ணம்.

“போயிட்டு வாம்மா” என்றார் மாரப்பன். “பதினோரு தலை அவருகிட்ட மாட்டிக் கெடக்குது, நாங்க எங்க போவோம்?”

எட்டு மணிக்கு ஒன்பது பெரியவர்களை ஏற்றிக்கொள்ள வேன், கோழியை இறக்கிவிட்டு, அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. அவள் அப்போது எல்லைக் கல்லைக் கடந்து பஸ்ஸில் இருந்தாள். போனை எடுத்துப் பார்த்தாள். இந்தப் பக்கமும் புதன்தான்.

வளர்மதி கதவைத் திறந்ததும் அம்மாவின் தலையைப் பார்த்து அழுதாள். சம்பந்தியம்மா மூக்கில் விரலை வைத்தார். “புள்ளைக்கு நேந்துக்கிட்டேனுங்க” என்றாள் சம்பூர்ணம். தலைப்பிரசவப் பேச்சு அத்தோடு நின்றது. ஐந்து மாதத்துப் பேத்தி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அந்தக் குத்து முடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள், மூன்று மணி நேரம் யாரும் அவளை எழுப்பவில்லை.

மாலை ஆறு மணிக்குத் திரும்பியபோது டாக்டர் ஞானப்பிரகாசம் வாசலில் நின்றிருந்தார். நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமலே அவரும் முடிவெட்டியிருந்தார், பத்து வயது குறைந்து தெரிந்தார். நாள் உணர்வுப் பயிற்சி முழு வெற்றி என்று தலைநகருக்கு அறிக்கை போய்விட்டதாம், பச்சைத் திரைச்சீலையை எல்லா மாவட்டத்துக்கும் பரிந்துரைத்திருக்கிறார்களாம்.

“மறுசோதனையும் பண்ணியாச்சுக்கா” என்று ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு டேப்லெட்டைக் காட்டினாள். முதல் கேள்வி, பதில் புதன், சரி. பச்சை விளக்கு. நலமாக உள்ளார். வேன் கிடையாது.

சம்பூர்ணத்துக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

பொன்னுரங்கம் கடைசி ஆளை அனுப்பிவிட்டு முடியைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். நின்று களைத்த மனிதனின் நிறைவு முகத்தில் இருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

“கடை முடிஞ்சுதும்மிணி. நாளைக்கு வியாழன், நாளைக்கு வா” என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, துடைப்பத்தைச் சாத்திவிட்டு, பெஞ்சைக் காட்டினார். “உக்காரு. ரொம்ப நேரம் நின்ன காலாட்டம் தெரியுது. எங்க வேலை பண்றே?”

“இங்கதானுங்க, இந்தத் தெருவுல” என்றாள் சம்பூர்ணம். “ஒரு பெரியவரைப் பாத்துக்கறேன்.”

“நல்ல மனுசனா?”

“நல்ல மனுசருங்க. ஞாவகம்தான் இல்லை.”

பொன்னுரங்கம் தலையை ஆட்டிக்கொண்டார். வேலைக்காரன் வேலைக்காரனிடம் கேட்கிற குரலில் கேட்டார். “வாரத்துல என்னிக்கு உனக்கு லீவு?”

மூன்று வருஷத்தில் அவளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். “இல்லீங்க” என்றாள்.

“இல்லீங்கன்னா? லீவில்லாத வேலை எந்த ஊர்ல இருக்குது?” அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “எனக்குச் செவ்வாய். உனக்குப் புதன். வெச்சுக்க. யாராச்சும் கேட்டா நியூ லைட் பொன்னுரங்கம் சொன்னாருன்னு சொல்லு.”

அதன் பிறகு கிழமைகள் வரிசையாக வந்தன. வியாழன் வந்தது, வெள்ளி வந்தது, திங்கள் வந்து அதிகாரிகள் நூற்றுப் பத்தொன்பது நாள் மனுக்களின் அடியில் காணாமல் போனார்கள். செவ்வாயன்று பொன்னுரங்கம் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார். அடுத்த நாள் புதன். சம்பூர்ணம் வழக்கம்போல எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள், பற்றவில்லை. துடைப்பத்தை எடுத்தாள், அது மூலையை விட்டு வரவில்லை. துணி ஊறவைத்த வாளி தரையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. வாசலைத் திறந்தாள். பெஞ்சில் பதினோரு பேர், போன புதன்கிழமைதான் வெட்டிக்கொண்ட தலைகளோடு, எதற்கு வந்தோம் என்று தங்களுக்கே தெரியாமல், பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரப்பன் எழுந்து நின்று, பழைய கண்டக்டர் வழக்கத்தில், ஏறிக்கொள் என்பதுபோல் கையைக் காட்டினார். சம்பூர்ணம் பையை எடுத்துக்கொண்டு ஏழு நாற்பது பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.